படகைத் தாங்கும் கட்டை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

கற்றறிந்த பெருமக்கள் பேசிச் சிறந்த இம்மேடையில், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட ஒரு ரயில்வே எழுத்தனை நிறுத்தியிருக்கிறீர்கள். இலக்கியம் பேச எனக்குத் தகுதி இல்லை. "உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசினால் போதும்" என்றார் நம் செயலாளர். இரண்டு நாள் எண்ணிப் பார்த்தேன். எனக்கு மிக நன்றாகத் தெரிந்தது நான் செய்த ஒரு தவறுதான். ஆதலின் அதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

தலைப்பு, படகைத் தாங்கும் கட்டை. கோவண்டியில் குடியிருக்கும் நமக்குப் படகு எதற்கு என்று சிலர் புன்னகை புரியலாம். இக்காலனியில் வாழும் நம்மில் பலர் கடற்கரைச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். நாம் இங்கே பிழைக்க வந்தோம். நம் அண்ணன்மாரும் தமக்கைமாரும் இன்றும் அங்கே கடலை நம்பி வாழ்கிறார்கள். என் தமக்கையை வேதாரண்யத்தை அடுத்த ஒரு மீனவக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டுப் படகைப் பற்றியதே என் கதை.

எங்கள் கரையில் துறைமுகம் கிடையாது. கடலிலிருந்து திரும்பும் ஃபைபர் படகுகளை டிராக்டரில் கயிறு கட்டி மணல்மேல் இழுப்பார்கள். நாள்தோறும் மணலில் இழுபடும் படகின் அடிவயிறு உப்புத்தாள் தேய்த்ததுபோல் தேய்ந்துவிடும். இதைத் தவிர்க்க எண்ணி, 2013ஆம் ஆண்டில் நான்கு குடும்பங்கள் கூடி ஒரு படகு வண்டி செய்துகொண்டன. இரும்புச் சட்டம் ஒன்று, பழைய அச்சு ஒன்று, இரண்டு டயர் சக்கரம், சட்டத்தின்மேல் நீளவாக்கில் இரண்டு மரக்கட்டைகள். அவ்விரு கட்டைகளின்மேல்தான் படகு அமர வேண்டும். ஒவ்வொன்றும் 14 அடி நீளம், 4 அங்குல அகலம், 3 அங்குலக் கனம். எஞ்சினும் வலையும் சேர்ந்து ஒரு டன்னுக்கு மேற்பட்ட பாரம் அவற்றின்மேல் ஏறும்.

ரயில்வே அன்பர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். தண்டவாளத்திற்குச் சிலீப்பர் கட்டை எதுவோ, படகுக்கு இந்தத் தாங்குகட்டை அதுவே. சக்கரத்தின் பாரம் ஓரிடத்தில் குத்தாமல் பரவலாக இறங்கவே சிலீப்பர் இருக்கிறது. படகின் பாரம் ஓரிடத்தில் குத்தாமல் பரவலாக இறங்கவே தாங்குகட்டை இருக்கிறது. ரயில் ஏறும் மக்கள் எவரும் சிலீப்பரைப் பார்ப்பதில்லை. படகுக்கு மாலை சூட்டுவோரும் கட்டையைப் பார்ப்பதில்லை.

2016ஆம் ஆண்டு கோடையில் நான் விடுப்பில் ஊருக்குச் சென்றிருந்தேன். முதலில் போட்ட கட்டைகள் உளுத்துப்போயிருந்தன. "தம்பி, இந்த முறை அயினிக் கட்டையாக, வைரம் பாய்ந்ததாகப் பார்த்துப் போட வேண்டும். கொஞ்சம் செலவாகும்" என்றார் என் அத்தான். கணக்குப் பார்த்துப் பழகிய நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அத்தான், இது படகு அல்லவே! படகு உட்காரும் வெறும் கட்டைதானே!" என்றேன். பணம் கொடுப்பவன் நான் ஆகையால் என் சொல்லே சென்றது. பக்கத்து நகரத்தில் ஒரு மரக்கடையில், "முதல் தரத் தேக்கு, குறைந்த விலை" என்று சொன்னதை நம்பி வாங்கினேன். மெருகெண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தது. அதன்மேல் சணல் சாக்கை மூன்று மடிப்பாகச் சுற்றி, கடையில் கிடைத்த இரும்பு ஆணிகளால் அறைந்தோம். போல்ட்டுகளையும் மலிவாகவே வாங்கினேன். மிச்சப்படுத்திவிட்டேன் என்ற பெருமிதத்தோடு தாதர் வந்து இறங்கினேன்.

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம். கஜா புயல் வருகிறது என்று எச்சரிக்கை கொடுத்தார்கள். நவம்பர் 14 மாலையில் எங்கள் கரையில் எல்லாப் படகுகளையும் மேட்டுக்கு ஏற்றும் வேலை நடந்தது. அந்த வண்டியில் ஒவ்வொரு படகாக ஏற்றிச் சென்றார்கள். எங்கள் படகின் முறை வந்தது. வண்டிச் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியதுதான் தாமதம், வலப்பக்கத்துக் கட்டை நடுவில் முறிந்தது. அதைப் பிடித்திருந்த போல்ட்டின் தலை படகின் அடியில் ஏறி, ஒன்றரை அடி நீளத்திற்குக் கிழித்துவிட்டது. பின்னால் இன்னும் இரண்டு படகுகள் காத்திருந்தன. வழியை மறிக்கக் கூடாதென்று அத்தான் தம் படகைப் பக்கவாட்டில் தள்ளச் சொன்னார். நவம்பர் 16 அதிகாலையில் புயல் வேதாரண்யம் கரையைக் கடந்தது. விடிந்தபின் எங்கள் படகு சீமைக்கருவேல முட்புதரில் கவிழ்ந்து கிடந்தது.

அந்தப் புயல் எத்தனையோ குடும்பங்களின் படகையும் தென்னையையும் வீட்டையும் கொண்டுபோனது. கட்டை முறியாதிருந்தால் எங்கள் படகு தப்பியிருக்கும் என்று நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் தப்புவதற்கு அதற்கிருந்த வாய்ப்பை என் சிக்கனம் பறித்தது என்பது உண்மை. பழுது பார்ப்பதற்குள் ஏப்ரல் வந்துவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கீழைக்கடலில் மீன்பிடித் தடை. ஆக ஏழு மாதம் அவ்வீட்டில் வருமானம் இல்லை. 2019 தைப் பொங்கலுக்கு நான் சென்றபோது, என் தமக்கை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கையில் வளையல் இல்லை. அதை நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

முறிந்த கட்டையை எடுத்துப் பார்த்தேன். வெளியே மெருகு, உள்ளே கையால் பிய்த்தால் பஞ்சுபோல் வந்தது. சாக்கை விலக்கினால் ஈரம். ஆணிகள் ஊசிபோல் மெலிந்திருந்தன. மரம் மட்டும் கெடவில்லை. மரமும் உறையும் ஆணியும் ஒன்றையொன்று கெடுத்திருந்தன. இனி அறியாமல் செய்வதில்லை என்று முடிவு செய்து, அடுத்த நான்கு மாதம் ஓய்வு நாட்களிலெல்லாம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே சொல்லுகிறேன்.

முதலில் நான் சென்றது தொலைவில் அல்ல; நம் பக்கத்து டிராம்பே கோலிவாடாவுக்கு. என்னோடு பணிபுரியும் கோலி நண்பர் ஒருவர் தம் பெரியப்பாவிடம் அழைத்துச் சென்றார். மழைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றி முட்டுக் கொடுத்து நிறுத்துவதில் கைதேர்ந்த முதியவர். மராத்தியும் இந்தியும் கலந்து அவர் கேட்டது மூன்றே கேள்வி. "கட்டையில் தண்ணீர் எங்கே தங்குகிறது? படகை எது தேய்க்கிறது? ஆணியை எது தின்கிறது?" இம்மூன்றுக்கும் விடை தெரிந்தபின் கடைக்குப் போ என்றார். நூல்களில் பின்னர் நான் படித்ததெல்லாம் இந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிட்டது.

முதற் கேள்வி நீர் தங்குவது பற்றி. மரத்தை உளுக்கச் செய்வது ஒருவகைப் பூஞ்சை. மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபது பங்குக்குக் குறைவாக இருந்தால் அதனால் வளர இயலாது. ஆகவே நனைவதால் மட்டும் கட்டை கெடுவதில்லை. நனைந்தபின் உலராதிருப்பதால் கெடுகிறது. நம் முன்னோர் கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே பிரித்து உலரவைத்தது இதனால்தான். நானோ மூன்று மடிப்புச் சாக்கைச் சுற்றி ஈரத்திற்கு வீடு கட்டிக் கொடுத்திருந்தேன்.

இனி எந்த மரம் என்று பார்ப்போம். ஒரே மரத்திலும் இரு பகுதி உண்டு. உள்ளே நிறம் மிக்கது வைரம். புறத்தே வெளுத்திருப்பது வெளிறு. தேக்கு கறையானையும் உளுப்பையும் தாங்கும் என்கிறோம். தாங்குவது தேக்கின் வைரமே. தேக்கின் வெளிறு மற்ற மரங்களின் வெளிறைப்போல் விரைவில் கெடும். எனக்கு விற்றது தேக்குதான், பொய்யில்லை. ஆனால் பெரும்பகுதி வெளிறு. மெருகெண்ணெய் அதன் நிறத்தை மறைத்துவிட்டது. ஆகையால் எந்தக் கடையிலும் எண்ணெய் பூசிய கட்டையை வாங்காதீர்கள். வெட்டுமுனையைப் பாருங்கள். வைரம் எங்கே முடிகிறது, வெளிறு எங்கே தொடங்குகிறது என்பதை அது ஒளிக்காமல் காட்டும்.

தேக்கின் வைரம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு நம் மும்பையே சான்று. சூரத்திலிருந்து 1736இல் இங்கு வந்த லவ்ஜி நசர்வான்ஜி வாடியாவின் வழியினர் இந்நகரில் தேக்கினால் கப்பல் கட்டினார்கள். அவர்கள் கட்டி 1817இல் வெள்ளோட்டம் விட்ட போர்க்கப்பல் ஒன்றுக்கு ஈழத்துத் திருக்கோணமலையின் பெயரை ஆங்கிலேயர் சூட்டினர். அக்கப்பல் 200 ஆண்டுகளைக் கடந்து, இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்னும் ஊரில் இன்றும் நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. தமிழ் ஊரின் பெயர் தாங்கிய மும்பைத் தேக்கு! கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் நல்ல தேக்கு வைரத்தின் இன்றைய விலை நம் போன்றோருக்கு எட்டாது.

அடுத்தது அயினி. மலையாளத்தில் ஆஞ்சிலி என்பார்கள். ஓணத்தின்போது பந்தயம் ஓடும் சுண்டன் வள்ளங்களை அம்மரத்தில்தான் செய்கிறார்கள். அதன் வைரம் நீரையும் வெயிலையும் மாறி மாறித் தாங்கும். என் அத்தான் முதலிலேயே சொன்ன மரம் இதுவே.

சவுக்கு எங்கள் கரையில் மலிவு, பளுவும் தாங்கும். ஆனால் உலரும்போது பிளக்கும். ஈரத்தில் நீண்ட நாள் நிற்காது. பனையும் தென்னையும் எப்படி என்று பலர் கேட்பார்கள். உள்ளே வைரம் உடையதை மரம் என்றும், புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும் தொல்காப்பியர் மரபியலில் பிரித்திருக்கிறார். பனையும் தென்னையும் புறத்தே வைரம் உடையவை. அவற்றை வீட்டுக் கைமரமாக வெளிப்புறக் கனத்தோடு போட்டால் உறுதி. சதுரக் கட்டையாக நடுவிலிருந்து அறுத்தாலோ கிடைப்பது சோறு. தாங்குகட்டைக்கு அது ஆகாது. மிகப் பழமையான இலக்கணம் மரக்கடையில் பயன்படும் என்று நான் நினைத்ததே இல்லை.

வைரமில்லாத மலிவு மரத்திற்கு மருந்தேற்றிப் பயன்படுத்தும் முறையும் உண்டு. இதில் நம் நாட்டவர் ஒருவரின் பெயரை நீங்கள் அறிய வேண்டும். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சோந்தி காமேசன் என்பவர், 1933இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகிய மூன்றின் உப்புகளைச் சேர்த்து மரத்துக்கு ஒரு காப்பு மருந்து கண்டார். உலகமெங்கும் மின்கம்பங்களும் வேலிக்கால்களும் அம்மருந்தால் நீடித்து நின்றன. ஆயினும் ஆர்சனிக் நஞ்சு. அது கருதி, அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு அம்மருந்தைப் போடுவதை 2003ஆம் ஆண்டு இறுதியோடு உற்பத்தியாளர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு மாற்றாக வந்த மருந்துகளில் ஆர்சனிக் இல்லை, செம்பு மிகுதி.

தாய்மார்களுக்கு இங்கே ஒரு வேண்டுகோள். பச்சை நிறம் ஏறிய மருந்து மரத்தின் துண்டு துணுக்குகள் கிடைத்தால், அடுப்பிலோ வெந்நீர்க் கலயத்தின் கீழோ வைத்து எரிக்காதீர்கள். ஆர்சனிக் ஏறிய மரத்தின் புகையிலும் சாம்பலிலும் அந்நஞ்சு இருக்கும். மேலும் மருந்து மரத்தை அறுத்தால் மருந்து புகாத உள்மரம் வெளிப்படும். அறுத்த முனைக்கு மீண்டும் மருந்து பூசாவிட்டால் செலவு வீண்.

சிலீப்பர் கட்டைக்கு வருகிறேன். "நீங்கள் ரயில்வேயில் இருக்கிறீர்களே, ஏலத்தில் பழைய சிலீப்பர் எடுத்துக் கொடுக்கக் கூடாதா?" என்று ஊரில் பலர் கேட்டார்கள். 1853 ஏப்ரல் 16இல் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு 34 கிலோமீட்டர் முதல் பயணிகள் ரயில் ஓடிய காலந்தொட்டு, நம் நாட்டில் பற்பல தலைமுறை மரச் சிலீப்பர்கள் பாரம் சுமந்தன. இப்பொழுது பெரும்பாலும் முன்னழுத்தக் கான்கிரீட் சிலீப்பர்களே. பழைய மரச் சிலீப்பர் பார்வைக்கு இரும்புபோல் இருக்கும். ஆனால் தாங்குகட்டைக்கு அது தகாது. மென்மரச் சிலீப்பர்களில் கிரியோசோட் என்னும் தாரெண்ணெய் ஏற்றியிருப்பார்கள். 1838இல் ஜான் பெத்தெல் என்ற ஆங்கிலேயர் உரிமம் பெற்ற முறை அது. அவ்வெண்ணெய் வெயிலில் கசிந்து படகில் கறை பிடிக்கும், தோலில் பட்டால் எரியும், புற்றுநோய்க்கும் காரணமாகக்கூடியது. பிள்ளைகள் ஏறி விளையாடும் வண்டியில் அதை வைக்கலாகாது. பழைய ஆணித்துளைகளில் நீர் தங்கும். உள்ளே புதைந்த கல்லும் இரும்பும் வாளின் பல்லை உடைக்கும். இவை போக, நான் ரயில்வே ஊழியன் என்ற காரணத்தாலேயே அந்த ஏலத்தின் பக்கம் போவது எனக்குத் தகாது என்றும் எண்ணினேன்.

ஆனால் ரயில் பாதையிலிருந்து ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டேன். கான்கிரீட் சிலீப்பரின்மேல் தண்டவாளத்தை நேரே வைப்பதில்லை. இடையே பள்ளவரி இட்ட ரப்பர்த் தகடு ஒன்று வைப்பார்கள். கடினமும் கடினமும் நேரே மோதலாகாது என்பது அதன் கருத்து. இதுவே கோலிப் பெரியவரின் இரண்டாம் கேள்விக்கு விடை.

கட்டைக்கும் படகுக்கும் இடையே என்ன உறை போடுவது? சணல் சாக்கின் கதையைச் சொல்லிவிட்டேன். தேங்காய் நார் உப்புநீரில் எளிதில் கெடாது. ஆனால் அதன் முரட்டுத்தன்மை ஃபைபரின் மெருகைத் தேய்க்கும். பழைய டயர் ரப்பர் உறுதியானது. கருங்கறை பிடிக்கும், அடியில் நீரையும் பிடித்துவைக்கும். கடின பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீன் பட்டைகள் உளுப்பதே இல்லை, வழுக்கும். வழுக்குவது ஏற்றி இறக்க நல்லது என்று மகிழ வேண்டாம். கயிற்றை அவிழ்த்த மறுநொடி படகு தானாகவே வழுக்கி இறங்கிவிடும். ஆள் நின்றால் ஆபத்து. வெயிலில் அது நீளும் அளவும் இரும்பைப்போல் பத்து மடங்குக்கு மேல். 14 அடிப் பட்டை காலைக் குளிருக்கும் நடுப்பகல் வெயிலுக்கும் இடையே முக்கால் அங்குலம் வரைகூட நீளலாம். துளையை நீள்வட்டமாகப் போடாவிட்டால் வளைந்து எழும்பும்.

இவற்றையெல்லாம் பார்த்தபின் நாங்கள் தேர்ந்தது செயற்கை நார்க் கம்பளம். இதோ, இம்மேடையில் விரித்திருக்கிறோமே, கல்யாணப் பந்தல்களில் விரிப்பார்களே, அந்த இனந்தான், சற்றுக் கனமானது. முதுகில் ரப்பரோ நுரையோ ஒட்டாததாக இருக்க வேண்டும். அப்பொழுதுதான் நீர் ஊடுருவி வடியும். அதைக் கட்டையின் மேற்புறமும் இரு பக்கமும் மட்டும் போர்த்தி, அடிப்புறத்தைத் திறந்துவிட வேண்டும். ஆணியைப் பக்கங்களில் அடிக்க வேண்டும். மேற்புறத்தில் ஓர் ஆணியும் கூடாது. கம்பளத்தில் மணல் ஏறினால் அதுவும் உப்புத்தாளே. ஆகையால் வாரம் ஒருமுறை நன்னீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

மூன்றாவது, ஆணியைத் தின்பது. இரும்புப் போல்ட்டு கடற்காற்றில் துருப்பிடிப்பது எல்லோரும் அறிந்ததே. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று நம்புகிறோம். எவர்சில்வரிலும் வகை உண்டு. நல்ல சமையற் பாத்திரங்களுக்கு வழங்கும் 304 எண் வகை, உப்புநீரில் புள்ளி புள்ளியாக அரிக்கும். மாலிப்டினம் சேர்ந்த 316 எண் வகை அதைவிட நெடுநாள் தாங்கும். துத்தநாகத்தை உருக்கி அதில் தோய்த்தெடுத்த இரும்புப் போல்ட்டும் நல்லதே. மேலே மின்முலாம் பூசிய பளபளப்பான போல்ட்டு ஒரு மழைக்காலத்தில் வெளுத்துவிடும்.

இங்கேதான் மரமும் ஆணியும் சண்டையிடுகின்றன. வெவ்வேறு உலோகங்கள் இரண்டு உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால், அது டார்ச்சு விளக்கின் பாட்டரியைப்போல் வேலை செய்து ஒன்றை மற்றொன்று கரைக்கும். செம்பு மருந்தேற்றிய ஈரக் கட்டையை அலுமினியச் சட்டத்தின்மேல் வைத்தால் அலுமினியம் அரிபடும். துத்தநாகப் பூச்சும் விரைவில் போகும். ஆகவே மருந்து மரம் என்றால் 316 போல்ட்டும், சட்டத்திற்கும் கட்டைக்கும் இடையே ஒரு பிளாஸ்டிக் தகடும் வேண்டும். மரத்தைத் தனியே, போல்ட்டைத் தனியே, உறையைத் தனியே தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது இதனால் விளங்கும். பெண் பார்க்கும்போது மாப்பிள்ளை வீட்டையும் பார்ப்பதுபோல, மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்.

கடற்பலகை எனப்படும் பிளைவுட்டையும் பார்த்தேன். ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கும். அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் வேகவைத்தும் விடாத தரமுடையது. படகின் வளைவுக்கேற்ப மெல்லிய பலகைகளை வளைத்து ஒட்டிக்கொள்ள அது உகந்தது. ஆனால் விளிம்பு வழியாகவும் துளை வழியாகவும் நீர் புகும். பசை அழியாதெனினும் இடையிலுள்ள மரம் மரந்தானே! நேரான நீளக் கட்டைக்கு முழு மரமே போதும் என்று விட்டுவிட்டோம்.

2019 மே மாதத்தில், தடைக்காலத்தில், கட்டைகளைப் புதிதாகப் போட்டோம். அயினியின் வைரம். வாங்கியவுடன் போடவில்லை. ஒரு துண்டை வெயிலில் வைத்து நாள்தோறும் எடை பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தேன், அலுவலகத்துப் பழக்கம்! எடை குறைவது நின்ற பிறகே உலர்ந்ததென்று ஏற்றுக்கொண்டோம். வெட்டுமுனைகளில் மும்முறை நீர்காப்புச் சாயம் பூசினோம்; மரம் நீரைக் குடிக்கும் வாய் அதுவே. 316 போல்ட்டுகளின் தலையை மேற்பரப்பிலிருந்து ஓர் அங்குலம் கீழே அமிழ்த்தினோம். உறை தேய்ந்தாலும் தலை படகைத் தொடாது. குழியில் நீர் தங்காதபடி பக்கவாட்டில் சிறு துளை விட்டோம்.

இன்னும் இரண்டு செய்தி. 4 அங்குலமும் 2 அங்குலமும் உள்ள கட்டையைப் படுக்க வைப்பதைவிடச் செங்குத்தாக நிறுத்தினால், முறியாமல் தாங்கும் வலிமை இரு மடங்கு. வளையாமல் நிற்கும் விறைப்பு நான்கு மடங்கு. எங்கள் பழைய கட்டை படுத்திருந்தது. இம்முறை நிறுத்திவைத்து, அதன் தலையில் படகு அமர அகலமான பலகை ஒன்றைப் பொருத்தினோம். மற்றொன்று, கட்டை படகின் பின்பலகை வரை நீண்டிருக்க வேண்டும். எஞ்சினின் பாரம் அங்கேதான் தொங்குகிறது. கட்டை குறைந்தால் நாளடைவில் படகின் அடி அவ்விடத்தில் வளைந்து, ஓட்டத்தில் மூக்கு தாழ்ந்துபோகும்.

இத்தனைக்கும் ஆன செலவைக் கூட்டிப் பார்த்தேன். 2016இல் நான் செய்த செலவைப்போல் இரண்டரை மடங்கு. படகைப் பழுது பார்த்த செலவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த இரு கணக்கையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். என் பணிக்காலத்தில் நான் எழுதிய கணக்குகளில் அதுவே எனக்கு அதிகம் கற்பித்தது.

அதன்பின் பல மழைக்காலம் கடந்தது. ஒருமுறை கம்பளத்தை மட்டும் மாற்றினோம். ஆண்டுதோறும் தடைக்காலத்தில் அத்தான் கட்டையை ஊசியால் குத்திப் பார்த்து எனக்குத் தொலைபேசியில் சொல்வார். "தம்பி, உன் கட்டை உறுதியாக இருக்கிறது" என்பார். என் கட்டை என்று அவர் சொல்வது எனக்கு வெட்கமாகவும் ஆறுதலாகவும் இருக்கும். தமக்கையின் வளையலை 2021இல் மீட்டுவிட்டோம்.

அன்பர்களே, படகு இல்லாதவர்களுக்கும் இதில் பயன் உண்டென்று நம்புகிறேன். நம் காலனியில் மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பரண் பலகையைத் தாங்கும் சட்டத்தைப் பாருங்கள். தையல் எந்திரத்தின் கீழும் அரிசி மூட்டையின் கீழும் வைத்த பலகையைப் பாருங்கள். மழைநகரமான மும்பையில் அவை ஈரத்திலேயே நிற்கின்றன. நீர் எங்கே தங்குகிறது, எது எதைத் தேய்க்கிறது, ஆணியை எது தின்கிறது என்ற மூன்று கேள்விகளை அங்கேயும் கேளுங்கள். மழை தொடங்கும் முன், மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்குப் போதும்.

கடையில் பொருள் வாங்கும்போது கண்ணுக்குத் தெரிவதற்கு நாம் தாராளமாகச் செலவு செய்கிறோம். அடியில் கிடப்பதற்குப் பேரம் பேசுகிறோம். வீட்டிலும் சங்கத்திலும்கூட அப்படித்தான். இவ்விழாவுக்காக மூன்று நாளாக நாற்காலி சுமந்தும், அடுப்படியில் நின்றும் உழைத்தவர்களின் பெயர் அழைப்பிதழில் இல்லை. அவர்கள்மேல்தான் இந்த மேடை நிற்கிறது. அவர்களுக்கு என் முதல் நன்றி.

"வெறும் கட்டைதானே" என்ற சொல்லை இனி எதைக் குறித்தும் சொல்வதில்லை என்று நான் முடிவு செய்திருக்கிறேன்.